ஆ-நிங் சாப்பிடாத கிண்ணம்

எங்கள் கடையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் முதல் கிண்ணம் சாப்பிடுவது வாடிக்கைக்காரர்கள் இல்லை, நாங்கள். என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் கல்லா மேசைக்குப் பின்னால் தெருவைப் பார்த்தபடி நின்று, அன்றைக்கு இறக்கிய ஆமை ஜெல்லியை ஆளுக்கொரு கிண்ணம் காலி பண்ண வேண்டும். பாகு ஊற்றிக்கொள்ளக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் வெளியே நிற்கிறவர்கள் உள்ளே வருவார்கள்.

காரணம் இருக்கிறது. ஆமையின் அடி ஓட்டையும் மூலிகை வேர்களையும் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, இறுக்கினால் கறுப்பாக ஒன்று வரும். வெறும் பொடியைக் கரைத்து இறுக்கினாலும் கறுப்பாக ஒன்று வரும். பார்த்து எவனாலும் சொல்ல முடியாது. தின்று பார்த்தும் பாதிப் பேரால் சொல்ல முடியாது, ஏனென்றால் வாயில் வைக்கும் முன்பே பாகைக் கொட்டி மெழுகிவிடுவார்கள். அதனால் இந்த வியாபாரத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி, கடைக்காரன் குடும்பம் அதைத் தின்கிறதா இல்லையா என்பதுதான்.

நான் சியு-ஹா. என் வீட்டுக்காரர் பெயர் கம்-ஷிங். கடையில் அடுப்பு அவருடையது, வாய் என்னுடையது. ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் வாயைப் பற்றிச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பையன் லோக்-ஹாங் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகிறான். காலையில் தன் கிண்ணத்தை விழுங்கிவிட்டு ஓடுவான். அவன் பெண்டாட்டி ஆ-நிங் என்னோடு கடையில் நிற்கிறாள்.

மெலிசான பெண், மெலிசான குரல். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அந்தக் கசப்பை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேனா? எங்கே! ஊர் வம்பு முழுக்கப் பேசுவேன், இந்த மாதிரிப் பேச்சு மட்டும் எனக்கு வராது. தொண்டையில் முள் குத்தினாற்போல் நின்றுவிடும்.

போன வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். மூன்று மாதம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள்தான் சந்தோஷத்தில், "அதெல்லாம் அந்தக் காலம் அத்தை" என்று சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னாள். இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் கொடுமை. வருகிறவர், போகிறவர், அரிசி கொண்டுவந்து போடுகிறவர் வரைக்கும், "ஐயோ பாவம்", "சின்ன வயசுதானே, இன்னொண்ணு வராமலா போயிடும்" என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஓர் ஆறுதல் வைத்துவிட்டுப் போனார்கள். அவளும் தலையை ஆட்டி ஆட்டி, சிரித்துச் சிரித்து, பிறகு பின்பக்கம் வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். "போனது எனக்கு அத்தை. ஆனா தெருவுக்கெல்லாம் நான் ஆறுதல் சொல்லிட்டு நிக்கிறேன். எல்லாக் கண்ணும் என் வயித்தையே பாக்குது" என்றாள் ஒரு நாள். நான் பதிலுக்கு ஏதோ பாத்திரத்தைத் திட்டினேன். அழுகிற பெண்ணிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் டிராகன் படகுத் திருவிழா முடிந்து வெயில் கொளுத்த ஆரம்பித்தது. ஆ-நிங் காலையில் கிண்ணத்தைத் தொடாமல் வெந்நீர் டம்ளரோடு நின்றாள். நான் கண்டுகொள்ளவில்லை. ஜெல்லி குளிர்ச்சி, தூரமான நாட்களில் பெண்கள் தொடமாட்டார்கள், கடைக்காரி என்றாலும் சரி. அந்த நாட்கள் கடந்தன. அப்புறம் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், ஆனால் "உள்ள ஒரு வேல இருக்கு அத்தை" என்று பின்பக்கம் கொண்டுபோனாள். மறுநாளும் அப்படியே.

மூன்றாவது தடவை நான் எட்டிப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்று கிண்ணத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ராப்பகலாக அடுப்பில் நின்று ஒரு மனுஷன் இறக்கினதை, இவள் சாக்கடைக்குப் படைக்கிறாள்! "ஏண்டி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையை வயிற்றில் வைத்தாள். வைத்த வேகத்தில் சுட்டுக்கொண்டதுபோல் எடுத்துவிட்டாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் பின்வாங்கி வந்து வேர் மூட்டை மேல் உட்கார்ந்தேன். பிள்ளைத்தாய்ச்சி ஆமை ஜெல்லியைத் தொடக் கூடாது. ஒரு வாய்கூடக் கூடாது. அடக் கடவுளே, இது அதுதான்!

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாதவரைக்கும் எனக்குத் தெரியாது. அதுதான் முறை. கர்ப்பத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அது பயந்து போய்விடும் என்பார்கள். அதை நம்புகிறேனோ இல்லையோ, போன வருஷம் அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுததை நான் நம்புகிறேன். இந்தத் தடவை ஒரு கண் அவள் பக்கம் திரும்பக் கூடாது. என் உயிரே போனாலும் என் வாயிலிருந்து இது போகக் கூடாது.

ஒரு விஷயத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வயிறு உப்பிப்போகிற ரகம் நான். அன்றிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வம்பு என் வீட்டுக்காரரோடு. கல்லா மேசைக்கு மேலே கிண்ண மூடிகள் அடுக்குகிற பலகை அலமாரி ஒரு பக்கம் ஆணி பிடுங்கிக்கொண்டு சாய்ந்துவிட்டது. மனுஷன் சுத்தியலோடு ஸ்டூலில் ஏறினார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிப்பதா! வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, பிறக்கிறவரை சுவரில் ஒரு ஆணி இறங்கக் கூடாது என்பார்கள். எங்களுக்கு மாடியிலேயே வீடு, கடையும் வீடும் ஒரே சுவர்.

"வைங்க அதக் கீழ!" என்று கத்தினேன்.

"ஏண்டி? ஒரே ஒரு ஆணி."

"சத்தம் எனக்கு ஆகல. தலவலி."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு வராத தலவலி உனக்கு வந்துருச்சா?"

சுத்தியலைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அலமாரி சாய்ந்தபடியே தொங்கியது. மூடிகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டோம். "உங்கம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று பையனிடம் சொன்னார். அவன் சாய்ந்த அலமாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினான்.

அடுத்தது ஆ-நிங். அவள் பானையைத் தூக்க வந்தால், "விடு, நீ தூக்கினா கொட்டிருவ" என்று பிடுங்கினேன். ஸ்டூலில் ஏறப் போனால், "இறங்கு, உனக்கு எதையும் ஒழுங்கா எடுக்கத் தெரியாது" என்றேன். தர்ப்பூசணி வாங்கி வந்தாள், அதுவும் குளிர்ச்சி. "இதெல்லாம் யார் திம்பா" என்று எதிர்க்கடைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நல்லது எப்போதும் திட்டுகிற குரலில்தான் வெளியே வரும்.

ஒரு நாள் லோக்-ஹாங் என்னைத் தனியாகப் பிடித்தான்.

"அம்மா, ஆ-நிங் மேல என்ன கோவம்?"

"எனக்கா? கோவமா?"

"எதத் தொட்டாலும் பிடுங்குறீங்களாம். கடைல தான் வேண்டாதவளா ஆயிட்டேன்னு அழுவுறா."

இவனுக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டான். எனக்கும் எல்லாம் தெரியும், நானும் திறக்க முடியாது. அம்மாவும் பிள்ளையும் எதிர் எதிரே நின்றுகொண்டு கண்ணிமைத்தோம்.

"அவளுக்கு வேல தெரியல. அவ்வளவுதான்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்தது. என்ன சொல்லித் தொலைப்பேன்!

இது இப்படி இருக்க, பக்கத்துத் தெருவில் ஒரு ஜெல்லிக் கடை மாட்டிக்கொண்டது. ஆமையும் இல்லை, வேரும் இல்லை, மூட்டை மூட்டையாகப் பொடி. பேப்பரில் படம் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அந்த ஜெல்லியைத் தொட்டதே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். மறுநாளிலிருந்து எங்கள் கடையில் வரிசை நின்றவர்கள் முன்னைவிடக் கழுத்தை நீட்டி, நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதில் முதல் ஆள் ஃபுங். மினி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் சதா திறந்து மூடிக்கொண்டே இருப்பதால் தெருவில் அவருக்குக் கெண்டை ஃபுங் என்று பெயர். பொரித்ததாகத் தின்று தின்று வாயெல்லாம் புண், அதனால் தினம் ஒரு கிண்ணம் ஜெல்லி. கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அது வாயால் வந்தே தீரும். இதை நான் சொல்லக் கூடாதுதான். அவர் பெண்டாட்டி சோக்-ஹிங் நேர் எதிர். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் பேசுவாள்.

அந்தச் சனிக்கிழமை வரிசை துணிக்கடை வரைக்கும் போயிருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கினோம். வீட்டுக்காரர் தன் கிண்ணத்தை முடித்தார். நான் முடித்தேன். லோக்-ஹாங் நின்றபடியே விழுங்கிவிட்டு, லிஃப்ட் ஒன்று பாதியில் நிற்கிறது என்று ஓடினான். ஆ-நிங் ஓரமாக வெந்நீர் டம்ளரோடு நின்றாள். கூட்டத்துக்கு முன்னால் பின்பக்கம் போக அவளுக்கு வழி கிடைக்கவில்லை.

"ஏம்மா ஆ-நிங்," என்றது கெண்டையின் குரல். "உன் கிண்ணம் எங்க?"

"அவ அப்பவே சாப்பிட்டாச்சு" என்றேன் நான்.

"எப்ப? ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறவன் நான். எத்தன நாளாப் பாக்குறேன், நீங்க மூணு பேருந்தான் முழுங்குறீங்க. அந்தப் பொண்ணு தொடுறதே இல்ல."

"ஃபுங் அண்ணே, உங்க வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்க வந்தீங்களா, எங்க வீட்டுச் சாப்பாட்டுக்குக் கணக்கு எடுக்க வந்தீங்களா?"

"கோவிச்சுக்காத சியு-ஹா. ஊருல நடக்குறதப் பாத்துட்டுக் கேக்குறேன். அங்கயும் இப்படித்தானாம். வீட்டுப் பொம்பளைங்க தொடமாட்டாங்களாம்."

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. வெளியூர்க்காரர்கள்போல் இருந்த இரண்டு பேர் நைசாக விலகிப் போனார்கள். என் வீட்டுக்காரரின் முகம் சிவந்து, கழுத்து சிவந்து, காது வரைக்கும் சிவந்தது. ஆயுசு முழுக்க அடுப்பு முன்னால் நின்ற மனுஷன். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். ஒரு கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்து மருமகள் முன்னால் வைத்தார்.

"ஒரு வாய் எடுத்துக்கம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

ஆ-நிங் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்தேன். நான் பேசாமல் நின்றதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். இந்தக் கடைக்கு நான் வேண்டியவள்தான் என்று காட்டுகிறேன் பார் என்பதுபோல் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஸ்பூனை எடுத்தாள்.

சாப்பிடாவிட்டால் கடை பெயர் போச்சு. ஏன் சாப்பிடவில்லை என்று சொன்னால் அத்தனை கண்ணும் மறுபடி அவள் வயிற்றில். ஸ்பூன் ஜெல்லியை வெட்டியது. கறுப்பாக, பளபளவென்று ஆடிக்கொண்டு மேலே வந்தது. ஒரு ஸ்பூனில் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்வாராக இருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், எதனால் ஆனாலும், இந்தப் பெண் ஆயுசு முழுக்க இந்த ஒரு ஸ்பூனைத்தான் நினைத்து அழுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்பூன் உதட்டுக்கிட்டே வந்தது. நான் கையை வீசி ஒரே தட்டு.

கிண்ணம் பறந்துபோய் தரையில் சுக்கல் சுக்கலானது. ஸ்பூன் எங்கோ உருண்டது. ஜெல்லியில் பாதி கெண்டை ஃபுங்கின் வெள்ளை ஷூ மேல் விழுந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" ஃபுங் குதித்தார். "மாமியாளே சாப்பிட விடல! இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சத்தியமாக, வாழ்க்கையில் முதல் தடவை. ஆயிரம் பொய் சொல்லிப் பழகிய வாய், ஒரு பொய் கேட்டால் தரமாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்துவிட்டேன். நானே என் கையால் கடையை இழுத்து மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஃபுங்கோடு கூட வந்திருந்த சோக்-ஹிங் வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். கீழே கிடந்த சில்லுகளைப் பார்த்து, கிண்ணம் உடைந்தால் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"கிண்ணத்துல ஈ விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"ஈயா?" என்றார் ஃபுங். "இப்பத்தானே மூடியத் தொறந்தாரு—"

"விழுந்துச்சுன்னா விழுந்துச்சு."

"ஆமா, நானும் பாத்தேன்" என்றாள் துணிக்கடைக்காரி. "பெரிய ஈ."

"ரெண்டு ஈ" என்றது பின்னாலிருந்து இன்னொரு பெண் குரல்.

எங்கள் கடையில் ஈயா! வேறு நாளாக இருந்தால் மூன்று பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். வாயைத் திறக்கக்கூடப் போனேன். சோக்-ஹிங் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்குத் தெரியும். துணிக்கடைக்காரிக்குத் தெரியும். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். ஜெல்லிக் கடைப் பெண் ஒரு வாரம் ஜெல்லி தொடவில்லை என்றால் ஒரு காரணம், அதற்கு மேலும் தொடவில்லை என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? இத்தனை நாளும் தினம் வந்து, பார்த்து, தெரிந்துகொண்டு, மூச்சு விடாமல் போயிருக்கிறார்கள். நான் மட்டும்தான் ஊரில் ரகசியம் காப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடைச்சி!

ஃபுங்குக்கு இன்னும் விளங்கவில்லை. "ஈ விழுந்தா வேற கிண்ணம் குடுக்கட்டுமே" என்று ஆரம்பித்தார். சோக்-ஹிங் அவர் காதைப் பிடிக்காத குறைதான்.

"ஏங்க, கொஞ்சம் தலய நிமித்தி அந்த அலமாரியப் பாருங்க."

அவர் பார்த்தார். சாய்ந்த பலகை, தொங்குகிற ஆணி, பக்கத்திலேயே நல்ல சுவர். ஒரு வீட்டில் அடிக்காத ஆணிக்கு என்ன அர்த்தம் என்பது ஆம்பிளைக்கும் தெரியும். பலகையிலிருந்து அவர் கண் தரையில் கிடந்த ஜெல்லிக்குப் போனது, அங்கிருந்து ஆ-நிங்கின் வெந்நீர் டம்ளருக்கு. கெண்டை வாய் மெல்லத் திறந்தது.

"ஓ... ஓஓ! அப்படின்னா—"

சோக்-ஹிங் மேசையிலிருந்த இன்னொரு கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய ஸ்பூன் ஜெல்லியை எடுத்து அந்த வாயில் திணித்தாள். பாகு இல்லாமல். ஃபுங் கண்ணில் தண்ணீர் வர அதை விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கசப்பு," என்றார் பாவமாக. "அசல் கசப்பு. கலப்படமே இல்ல."

"அப்ப உரக்கச் சொல்லுங்க."

"அசல் சரக்குய்யா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார் ஃபுங். அவர் குரல் மினி பஸ் ஓட்டின குரல், கடைசி ஆள் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சோக்-ஹிங் கல்லா மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். ஆ-நிங் நிற்கிற இடத்தில் நின்றாள். தெருவைப் பார்த்தபடி ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்து, பாகு ஊற்றாமல், முகம் சுளிக்காமல், நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அவளுக்கு ஜெல்லியே பிடிக்காது. அதுவரை ஒரு நாளும் அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பிறகு துணிக்கடைக்காரி வந்து நின்றாள். அப்புறம் ரெண்டு ஈ பார்த்தவள். வீட்டு ஆட்கள் நிற்கிற இடத்தில் வரிசையாக நின்று சாப்பிட்டார்கள்.

ஒருத்தர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. ஒருத்தர்கூட ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கண்கூட ஆ-நிங் பக்கம் திரும்பவில்லை. சோக்-ஹிங் மட்டும் காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்கு. நிக்கிறவங்க உள்ள போய் உக்காருங்க" என்றாள். ஆ-நிங் உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "சியு-ஹா, அந்தச் சுத்தியல் அரிசிப் பானைலயே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு தினம் காலையில் யாராவது ஒரு பெண் வந்து ஆ-நிங்கின் இடத்தில் நின்று அவள் கிண்ணத்தைச் சாப்பிட்டாள். யார் யாருக்கு எந்த நாள் என்று அவர்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டார்கள்போல. கெண்டை ஃபுங் பாடுதான் பெரும்பாடு. தினம் வருவார், ஆ-நிங்கைப் பார்ப்பார், வாய் திறக்கும், மூடும். அடக்கி அடக்கி அவருக்கு முகமெல்லாம் கொப்புளம். "இன்னைக்கு ரெண்டு கிண்ணமாக் குடு" என்பார். முதல் தடவையாக அவர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது, ஏனென்றால் அந்த வேதனை எனக்குத் தெரியும்.

புயல் எச்சரிக்கையை இறக்கிய மறுநாள் காலையில் தெருவெல்லாம் ஈர இலையும் ஒடிந்த குடையுமாகக் கிடந்தது. ஷட்டரைப் பாதி தூக்கினோம். அன்றைக்குத் துணிக்கடைக்காரியின் முறை. அவள் மேசையைச் சுற்றி வர ஆரம்பித்தாள். ஆ-நிங் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தை, மாமா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மூணு மாசம் முடிஞ்சுருச்சு. நேத்து டாக்டரப் பாத்தோம். குழந்த நல்லா இருக்கு. இதயம் அடிக்கிற சத்தத்தக் கேட்டேன்."

நான் ஆச்சரியப்பட வேண்டும். எத்தனை நாளாகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன். "அப்படியா!" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாதே!" கேவலமான நடிப்பு. வரிசையில் நின்றவர்கள், "அடடே, அப்படியா!", "நெசமாவா!" என்று என்னைவிடக் கேவலமாக நடித்தார்கள்.

"இப்ப சொல்லலாமா?" என்று கத்தினார் ஃபுங். "சோக்-ஹிங், இப்ப நான் பேசலாமா? வாழ்த்துக்கள்மா! வாழ்த்துக்கள்! அப்பாடா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆ-நிங்கும் சிரித்தாள். அத்தனை கண்ணும் அவள் வயிற்றைத்தான் பார்த்தன, அவள் ஒதுங்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, அன்னைக்கு ஸ்பூன் வாய்க்கிட்ட வந்தப்ப நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? யாராவது தட்டி விட்டுற மாட்டாங்களான்னு."

எனக்குத் தொண்டையில் அந்த முள் வந்து நின்றது. பானை, ஸ்டூல், தர்ப்பூசணி என்று திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

"வந்த மறுநாளே உன்ன எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்ட பாரு, அப்பவே."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. அழுதேன் என்று ஃபுங் சொன்னால் நம்பாதீர்கள்.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கை உறிஞ்சினார். உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மாவும் தவிடுமாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அப்ப மூணு மாசம் முடிஞ்சுருச்சு," என்றார் சந்தோஷமாக. "இந்த ஆணிய அடிச்சுரலாம்ல?"

"வேணாம்!" என்று வரிசை மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. கடைசியில் நின்றவர்கள் காரணம் தெரியாமலேயே கத்தினார்கள். பிள்ளை பிறக்காமல் இந்தக் கடையில் ஆணி அடிக்க இனி யாரும் விடப்போவதில்லை.

சுத்தியல் மறுபடி அரிசிப் பானைக்குள் போனது. அலமாரி சாய்ந்தபடிதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் யாராவது, "ஏன் இதச் சரி பண்ணாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், வரிசையில் நிற்கிறவர்களே பதில் சொல்லிக்கொள்கிறார்கள்.